தீவாந்தரம் போய் வந்தோம்

தமிழில் ‘தீவாந்தரம்’ என்றொரு சொல் உண்டு. நம் பாட்டன்மார் காலத்தில் அது வீட்டில் வாய்விட்டுச் சொல்லத் தகாத சொல்லாக இருந்தது. ஒருவனைத் தீவாந்தரம் அனுப்பிவிட்டார்கள் என்றால், அவன் மனைவி தாலியைக் கழற்றாமலே விதவையானாள். அவன் நிலத்தைப் பங்காளிகள் உழுதார்கள். ஊரார் சில காலம் அழுது பிறகு மறந்தார்கள். வடநாட்டார் அதே இடத்தைக் ‘காலாபாணி’, அதாவது கறுப்புத் தண்ணீர் என்றார்கள். அந்தத் தண்ணீருக்கு இன்று நம் வாலிபர்கள் முதுகில் மூட்டையும் கையில் கைப்பேசியுமாக உல்லாசப் பிரயாணம் போகிறார்கள்; தீவுக்குத் தீவு தாவுகிறார்கள்; மணலில் கூடாரம் அடித்துத் தூங்கிவிட்டு வருகிறார்கள். தியாகிகள் செத்த இடத்தில் களியாட்டமா என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் சிலர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு மறுமொழி எழுதுமுன், இடத்தை நேரில் பார்த்துவிடுவது நல்லதென்று நமக்குத் தோன்றிற்று. ஆகவே, சென்ற தை மாதத்தில் நண்பர் நால்வருடன் அந்தமான் தீவுகளுக்குப் போய் வந்தோம்.

நம் கோஷ்டியில் ஒருவர் வைத்தியர். ஒருவர் பள்ளி ஆசிரியர். ஒருவர் நம் அச்சுக்கூடத்து அன்பர். நான்காமவர் நம்மைப் போலவே வக்கீல், ஆனால் வருமானமுள்ள வக்கீல். ஆகாய விமானத்தில் போனால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். கப்பலில் போனால் ஏறக்குறைய மூன்று நாள். கப்பலில்தான் போக வேண்டுமென்று நாம் பிடிவாதம் செய்தோம். சென்னைத் துறைமுகத்திலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் தண்ணீரைக் கண்ணால் காணாதவனுக்குத் தீவாந்தரம் என்ற சொல்லின் பொருள் விளங்காது. இரண்டாம் நாள் காலையில் நாற்புறமும் கரை இல்லை, பறவை இல்லை, எதிரே வரும் கப்பலும் இல்லை. விலங்கு பூட்டிய காலுடன் கப்பலின் அடித்தட்டில் கிடந்தவனுக்கு இந்தத் தண்ணீரே சிறைச்சுவர். மதிலைப் பின்னால்தான் கட்டினார்கள். வருமானமுள்ள வக்கீல் நண்பர் இரண்டாம் நாள் முழுவதும் வாந்தியெடுத்து, நம்மையும் தேச சரித்திரத்தையும் சேர்த்துச் சபித்துக்கொண்டிருந்தார் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

கம்பெனியார் இத்தீவுகளைக் கைதிகளின் குடியேற்றமாக்கியது 1857 எழுச்சியின் விளைவு. 1858 மார்ச் 10-ஆம் தேதி டாக்டர் வாக்கர் என்பவன் 200 கைதிகளுடன் வந்து இறங்கினான். காட்டை வெட்டினவர்களும், சாலை போட்டவர்களும், எஜமானர்களுக்கு ராஸ் தீவில் மாளிகையும் மாதாகோவிலும் நடனசாலையும் கட்டிக் கொடுத்தவர்களும் அந்தக் கைதிகளே. ராஸ் தீவில் இன்று அம்மாளிகைகளின் செங்கற் சுவர்களை ஆலமரத்து வேர்கள் கைவிரல் போலப் பிடித்துக்கொண்டிருக்கின்றன; நடனசாலை இருந்த இடத்தில் புள்ளிமான்கள் மேய்கின்றன. ஏகாதிபத்தியத்துக்கு இதைவிட நல்ல நினைவுச் சின்னத்தை எந்தச் சிற்பியும் செய்ய முடியாது. அந்தத் தீவை அப்படியே விட்டுவைக்க வேண்டும். செப்பனிடுகிறோம் என்று சுண்ணாம்பு பூசாதிருந்தால் போதும்.

சிறைச்சாலை வேறு. 1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்தார்கள். நடுவில் ஒரு கோபுரம். அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் போல ஏழு கிளைகள். ஒவ்வொன்றும் மூன்று அடுக்கு. மொத்தம் 690-க்கு மேற்பட்ட அறைகள். ஓர் அறைக்குப் பதின்மூன்றரை அடி நீளம், ஏழரை அடி அகலம். ஒரு கிளையின் முகப்பு அடுத்த கிளையின் முதுகைப் பார்க்கும்படி அமைத்திருக்கிறார்கள். எதற்கென்றால், எதிர் அறையில் மனித முகம் ஒன்று தென்பட்டுவிடக் கூடாது. இதைத் திட்டமிட்டவன் கொடியவன் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அவன் புத்திசாலி, அதுதான் விஷயம். மனிதனுக்குச் சோற்றைவிட மனிதன் அவசியம் என்பதை அறிந்து, அதை மறுத்தான்.

அங்கே கல்லில் பொருத்திய செக்கைக் கண்டதும் தமிழனுக்கு வேறொருவர் நினைவு வராமலிருக்காது. நாளொன்றுக்கு 30 ராத்தல் தேங்காயெண்ணெய் ஆட்டித் தரவேண்டும் என்பது அங்கிருந்த விதி. வீர சாவர்க்கரும், வங்காளத்துப் பாரீந்திர குமார் கோஷும் அவர் தோழர்களும் மாட்டுக்குப் பதிலாக நின்ற இடம் அது. உல்லாஸ்கர் தத்தர் சித்தப்பிரமை கொண்டதும், இந்துபூஷண் ராய் 1912-ல் தூக்கிட்டு மாண்டதும் அங்கேதான். அதே காலத்தில் கோயமுத்தூர்ச் சிறையில் நம் வ. உ. சிதம்பரம் பிள்ளை செக்கிழுத்தார். 1908 ஜூலை 7-ல் பின்ஹே என்ற வெள்ளை ஜட்ஜு அவருக்கு விதித்தது ராஜத் துவேஷத்துக்கு இருபது வருஷம், சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாயிருந்ததற்கு இருபது வருஷம், ஆக இரண்டு தீவாந்தர சிட்சைகள். அப்பீலில் அது ஆறு வருஷமாகக் குறைந்தது. குறையாதிருந்தால், தூத்துக்குடியில் கப்பல் விட்ட தமிழனைக் கப்பலேற்றி அனுப்பியிருப்பார்கள். வக்கீல் தொழிலைச் செய்கிற நாம் அந்தத் தீர்ப்பைப் பலமுறை படித்ததுண்டு. அந்த அறையின் கதவுக்கு முன் நிற்கும்போதுதான், அதில் எழுதியிருந்த ‘இருபது’ என்ற எண்ணின் நீளம் நமக்குப் புலப்பட்டது.

1933 மே மாதத்து உண்ணாவிரதத்தில் மூவர் மாண்டார்கள்: பகத்சிங்கின் தோழர் மஹாவீர் சிங், மோஹன் கிஷோர் நமதாஸ், மோஹித் மொய்த்ரா. பட்டினியால் மட்டும் இறந்தவர்கள் அல்லர்; குழாய் வைத்துப் பாலை பலவந்தமாகப் புகட்டியதால் இறந்தவர்கள். 1937-ல் மறுபடியும் உண்ணாவிரதம். காந்திஜியும் தாகூரும் தலையிட்டார்கள். 1938 ஜனவரிக்குள் அரசியல் கைதிகள் அனைவரும் தாய்நாட்டுச் சிறைகளுக்குத் திரும்பினார்கள்.

ஏழு கிளைகளில் இன்று நிற்பவை மூன்றே. 1941-ல் பூகம்பம் சிலவற்றை ஆட்டிற்று. ஜப்பானியர் இடித்து எடுத்துக்கொண்டது கொஞ்சம். சுதந்தரம் வந்த பின் நம்மவர்களே இடித்து அந்த இடத்தில் 1963-ல் ஆஸ்பத்திரி வைத்தார்கள். இனியும் இடிக்கக் கூடாது என்று பழைய கைதிகள் போராடியிராவிட்டால் அந்த மூன்றும் இரா. 1979-ல்தான் அது தேசிய நினைவுச் சின்னமாயிற்று. தியாகிகளை மறக்க நமக்கு அந்நியன் துணை தேவைப்படவில்லை என்பதை இந்தத் தேதிகளே சொல்லுகின்றன. தூக்குமேடையில் நின்று கயிற்றைக் கழுத்தருகில் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டிப் புகைப்படம் எடுத்துக்கொண்ட ஒரு குடும்பத்தை நாம் பார்த்தோம். நம் ஆசிரிய நண்பர் கோபித்துக்கொள்ளவில்லை, அந்தப் பையனை அழைத்து, “தம்பி, இந்தக் கட்டைக்குக் கீழே என்ன இருக்கு, பார்த்தியா?” என்று கேட்டுக் கீழறைக்கு இட்டுச் சென்றார். கால் மணி நேரத்துக்குப் பிறகு அந்தக் குடும்பம் முழுவதும் அவர் பின்னே நடந்துகொண்டிருந்தது. நமக்குக் கடிதம் எழுதிய பெரியவர்களுக்கு இந்தச் செய்தியைச் சமர்ப்பிக்கிறோம்.

இனி, மேடைகளில் சொல்லப்படாத ஒரு பகுதி. 1942 மார்ச்சில் ஜப்பானியர் இத்தீவுகளைப் பிடித்தார்கள். 1945 அக்டோபர் வரை வைத்திருந்தார்கள். 1943 டிசம்பர் 30-ல் நேதாஜி போர்ட் பிளேயரில் மூவர்ணக் கொடி ஏற்றினார். அந்தக் காட்சியை நினைத்து மயிர்க்கூச்செறியாதவன் இந்தியன் அல்லன். ஆனால் அதே மாதத்தில், அதே சிறையில், ஜப்பானியரின் சித்திரவதையில் இந்தியர்கள் துடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளூர் இந்திய சுதந்தர லீக்கின் தலைவராயிருந்த டாக்டர் திவான் சிங் அச்சிறையில் வதைபட்டு 1944 ஜனவரி 14-ல் இறந்தார். ஜனவரி 30-ல் ஹம்ப்ரிகஞ்ச் என்ற இடத்தில், வேவுகாரர் என்ற சந்தேகத்தின் பேரில் லீக்கைச் சேர்ந்த 44 பேரை ஒரே நாளில் சுட்டுத் தள்ளினார்கள். நேதாஜியை ஜப்பானியர் இவர்களிடம் நெருங்கவிடவில்லை. அவர் அனுப்பிய நிர்வாகி ஒரு தமிழர்: ஆற்காடு துரைசாமி லோகநாதன், வைத்தியர், மேஜர் ஜெனரல். 1944-ல் அவர் வந்து சேர்ந்தபோது போலீஸ் அதிகாரத்தை ஜப்பானியர் கையை விட்டு விடவில்லை. கொடி நம்முடையது, துப்பாக்கி அவர்களுடையது என்ற நிலை. மனமும் உடலும் நொந்து அவர் திரும்ப நேர்ந்தது.

இதை எழுதினால் நேதாஜிக்குக் குறைவு என்று நினைக்கும் அன்பர்கள் உண்டு. நாம் அவ்வாறு நினைக்கவில்லை. சுடப்பட்ட 44 பேரும் அவருடைய இயக்கத்துக்காரர்களே. அவர்களை மறைத்து அவருக்கு மாலை போடுவது எந்த நியாயம்? ஹம்ப்ரிகஞ்சுக்கு நாம் போன அன்று எங்கள் ஐவரைத் தவிர அந்த நினைவிடத்தில் ஒருவரும் இல்லை. சிறைச்சாலையின் ஒளி ஒலிக் காட்சிக்கு அன்று மாலை டிக்கெட்டு கிடைக்கவில்லை.

போர்ட் பிளேயருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீவிஜயபுரம் என்று பெயர் சூட்டினார்கள். பிளேயர் என்ற கம்பெனிக் கடற்படைக்காரன் பெயர் போனதில் நமக்கு வருத்தமில்லை. ஆனாலும் ராஜேந்திர சோழன் 1025-ஐ ஒட்டிக் கப்பற்படை அனுப்பி வென்ற ராஜ்யத்தின் பெயர் ஸ்ரீவிஜயம். அவனுடைய தஞ்சைக் கல்வெட்டில், வென்ற இடங்களின் வரிசையில், நிக்கோபார் மாநக்கவாரம் என்ற பெயரோடு நிற்கிறது. சோழர் புகழுக்காகச் சூட்டிய பெயர் சோழரிடம் தோற்றவர் பெயராகவும் அமைந்துவிட்டதைக் கண்டு நம் ஆசிரிய நண்பர் ஒரு நாள் முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தார்.

பெயர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தீவு தாவுகிறவன் முதலில் தாவுவது பெயர்களின் மேல்தான். தலைநகரிலிருந்து சர்க்கார்ப் படகில் சுமார் இரண்டரை மணி நேரம் போனால் ஹாவ்லாக் தீவு. அங்கிருந்து சிறிது தொலைவில் நீல் தீவு. இவ்விரண்டும், அவற்றுக்கு அருகிலுள்ள அவுட்ரம், ஹென்றி லாரன்ஸ், ஜான் லாரன்ஸ், நிக்கல்ஸன் முதலியவையும் 1857-ல் நம்மவர்களை அடக்கிய வெள்ளைத் தளபதிகளின் பெயர்கள். எழுந்தவர்களைக் கைதிகளாக அடைத்த கடலில், அடக்கினவர்களைத் தீவுகளாக நட்டு வைத்தார்கள்.

இவர்களுள் நீல் நமக்கு அந்நியன் அல்லன். சென்னைப் பட்டாளத்துக்காரன். காசியிலும் அலகாபாத்திலும் வழிநெடுக மரங்களில் மனிதர்களைத் தூக்கிலிட்டவன். கான்பூரில் தூக்குப்போடுமுன் கைதிகளைத் தரையிலிருந்த ரத்தத்தை நாவால் துடைக்கச் செய்தவன். லட்சுமணபுரியில் 1857 செப்டம்பரில் குண்டு பட்டுச் செத்தான். அவனுக்குச் சென்னை மவுண்ட் ரோடில் சிலை வைத்தார்கள். 1927-ல் அந்தச் சிலையை அகற்றக் கோரிச் சோமயாஜுலு முதலான தொண்டர்கள் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். தென் ஜில்லாக்களிலிருந்து இளைஞர்கள் அணியணியாக வந்து சிறை புகுந்தார்கள். 1937-ல் ராஜாஜியின் மந்திரிசபை வந்த பிறகே சிலை பெயர்ந்தது. எழும்பூர் மியூசியத்தில் இன்றும் அவனைப் பார்க்கலாம். கல் பீடத்திலிருந்து அவனை இறக்கப் பத்து வருஷம் ஆயிற்று. தீவிலிருந்து இறக்க மேலும் 81 வருஷம். 2018 டிசம்பர் 30-ல் நீல் தீவு ஷஹீத் தீவாயிற்று, ஹாவ்லாக் ஸ்வராஜ் தீவாயிற்று, ராஸ் தீவு நேதாஜி பெயரைப் பெற்றது.

நல்ல காரியம்தான். ஆயினும் ஒரு விஷயம். நேதாஜி 1943-ல் அந்தமான் முழுவதற்கும் ஷஹீத் என்றும், நிக்கோபார் முழுவதற்கும் ஸ்வராஜ் என்றும் பெயர் சூட்டினார். இரண்டு தீவுக்கூட்டங்களுக்கு அவர் கொடுத்த பெயர்கள் உல்லாசப் பிரயாணிகள் வந்து குளிக்கும் இரண்டு சிறு தீவுகளுக்குள் சுருங்கிவிட்டன. அந்தமானில் உள்ள ஹாவ்லாக்குக்கு நிக்கோபாரின் பெயர் வந்து சேர்ந்தது. இன்னொன்றும் பாருங்கள்: அவுட்ரமும் இரு லாரன்ஸுகளும் 2018 பட்டியலில் இல்லை. அத்தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த பவழக் கடலையும் சேர்த்து 1996-ல் ஒரு கடல்வாழ் தேசியப் பூங்கா ஏற்படுத்தினார்கள். அதன் பெயர் ஜான்சி ராணி பூங்கா! ராணியின் மடியில் லாரன்ஸ் சகோதரர்கள்! பெயர் வைத்த அதிகாரி வேண்டுமென்று செய்திருந்தால் அவருக்கு நாம் பொன்னாடை போர்த்தத் தயார்.

ஸ்வராஜ் தீவின் ராதாநகர்க் கடற்கரையைப் பற்றிப் பக்கம் பக்கமாக மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். வெண்மணல், உயர்ந்த மஹுவா மரங்கள், மேற்கே சூரிய அஸ்தமனம், கூட்டமும் உண்டு. முதலை எச்சரிக்கைப் பலகையைப் படிக்காமல் நீரில் இறங்குவோர் அதைவிட அதிகம். 2010-ல் அக்கரையை ஒட்டி முதலையால் ஓர் உயிர் போயிற்று. பலகை வெறும் சடங்குக்காக வைத்ததன்று. இங்கே நமக்குப் பிடித்தது ஊர்ப் பெயர்கள். ராதாநகர், கோவிந்தநகர், கிருஷ்ணநகர், சியாம்நகர். ஷஹீத் தீவில் ராமநகர், சீதாபூர், பரத்பூர், லட்சுமண்பூர். தேசப் பிரிவினையில் கிழக்கு வங்காளத்தில் வீடிழந்து வந்த அகதிகள் காட்டைத் திருத்தி வைத்த பெயர்கள் இவை. வீட்டைத் துறந்து காட்டுக்குப் போன ராமனை அவர்களை விட நன்றாக யார் அறிவார்? ஷஹீத் தீவில் இன்று காய்கறி செழித்து விளைகிறது. தலைநகருக்குப் படகில் போகிறது. அங்கே ஒரு கிழவர் தம் தோட்டத்துக் கத்தரிக்காயை எங்களுக்குச் சும்மா கொடுத்துவிட்டுக் காசை வாங்க மறுத்தார். அவர் வங்காளத்தில் பேசினார், நாம் தமிழில் நன்றி சொன்னோம், இருவருக்கும் விளங்கிற்று. ஹிந்தி வேண்டுமா வேண்டாமா என்று வழக்காடும் இரு கட்சியாரும் அந்தத் தோட்டத்தில் ஒரு பொழுது இருந்து பார்க்கலாம்.

தமிழருக்கும் இங்கே பங்குண்டு. தலைநகரின் கடைத்தெருவில் தமிழே பேசிக் காலம் தள்ளலாம். 1964-ஆம் வருஷத்து சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றப்பட்டன. 2004 டிசம்பர் 26-ன் ஆழிப்பேரலையில் மிகுந்த உயிர்ச்சேதம் கண்ட தீவுகளுள் கச்சாலும் ஒன்று. இருமுறை கடலைத் தாண்டியவர்களை மூன்றாம் முறை கடலே வந்து எடுத்துக்கொண்டது.

கோஷ்டியில் ஒருவருக்குப் பாராடாங்கின் சுண்ணாம்புக் குகைகளைப் பார்க்க ஆசை. அதற்குச் சாலை ஜாரவா என்ற ஆதிகுடிகளின் காட்டை ஊடுருவிச் செல்கிறது. அந்தப் பகுதியில் சாலையை மூடிவிடும்படி சுப்ரீம் கோர்ட்டு 2002-ல் உத்தரவிட்டது. அதற்குப் பத்து வருஷம் கழித்தும், 2012-ல், பிஸ்கோத்து வீசி அம்மக்களை ஆடச் சொல்லும் படம் உலகெங்கும் வெளிவந்து நம்மைத் தலைகுனிய வைத்தது. கோர்ட்டு மூடச் சொன்ன சாலையில் வக்கீல்கள் இருவர் சவாரி போவது அழகன்று என்று நாம் சொன்னோம். குகை கைவிடப்பட்டது. பதிலாக ஸ்வராஜ் தீவிலிருந்து சர்க்கார்ப் படகேறி லாங் தீவுக்குப் போய், வன இலாகாவின் அனுமதியோடு லாலாஜி விரிகுடாவில் இரண்டு இரவு தங்கினோம்.

இந்தப் பிரயாணத்தில் உண்மையாகவே ஓய்வு கிடைத்தது அங்கேதான். ‘டுங்கி’ என்று அங்கே சொல்லும் சிறு இயந்திரப் படகில் சாமான்களுடன் இறங்கினோம். கடை கிடையாது, கைப்பேசிக்கு உயிர் கிடையாது. கூடாரம் அடிக்கத் தெரியும் என்று சென்னையில் வீரம் பேசிய அச்சுக்கூடத்து அன்பர் மூன்று மணி நேரம் கயிற்றோடு மல்லுக்கட்டினார். கடைசியில் படகுக்காரப் பையன் பத்து நிமிஷத்தில் முடித்தான். அலை ஏறும் எல்லைக்கு மேலே, ஆனால் தென்னைக்குக் கீழே அல்லாமல், இடம் பார்க்க வேண்டும். தேங்காய் விழுந்தால் கூடாரம் தாங்காது. சோறும் பருப்பும் வடித்து, படகுக்காரன் கொடுத்த சூரை மீனைக் கனலில் சுட்டோம். சைவரான ஆசிரியருக்கு வங்காளக் கிழவரின் கத்தரிக்காய். இரவில் தண்ணீரைக் கையால் அலசினால் நீலப் பொறி பறந்தது. கடலில் வாழும் நுண்ணுயிர்களின் ஒளி அது என்று வைத்தியர் விளக்கினார். அந்த விளக்கத்தினால் அழகு குறையவில்லை. மணல் ஈ என்ற கண்ணுக்குத் தெரியாத பிராணி மட்டும் ராஜத் துவேஷம், ராஜ பக்தி என்ற பேதமின்றி எல்லாரையும் கடித்தது.

அந்த நெருப்பருகில்தான் எங்களுக்குள் பெரிய விவாதம் மூண்டது. விஷயம், பெரிய நிக்கோபார்.

வைத்தியர் கட்சி இது: நம் சரக்குப் பெட்டிகள் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் ஏறி இறங்குகின்றன, கூலி அவர்களுக்குப் போகிறது. மலாக்கா ஜலசந்தியின் வாசலில் நமக்கு ஒரு தீவு இருக்கிறது. அங்கே துறைமுகமும் விமான நிலையமும் நகரமும் எழுந்தால் வியாபாரமும் தேசப் பாதுகாப்பும் ஒருங்கே கிட்டும். “வக்கீல் ஸார், கப்பல் விட்ட பிள்ளைவாள் இருந்தால் இதை வேண்டாம் என்பாரா?” என்று அவர் கேட்டார். கூரிய கேள்விதான்.

பாதுகாப்பை நாம் மறுக்கவில்லை. கணக்கைப் பார்க்கச் சொல்லுகிறோம். 2022-ல் அனுமதி அளித்தபோது சொன்ன செலவு 72,000 கோடி ரூபாய். அதற்காக எடுக்கப்படும் காடு 130 சதுர கிலோமீட்டருக்கு மேல். வெட்டப்படும் மரங்கள் சர்க்கார் சொன்ன எண்ணின்படியே 9 லட்சத்துக்கு அதிகம். துறைமுகத்துக்குக் குறித்த இடம் கலாத்தியா விரிகுடா. தோல்முதுகுப் பேராமை முட்டையிட வரும் கரை. அதற்கிருந்த சரணாலயப் பாதுகாப்பு 2021-ல் நீக்கப்பட்டது. 2004 பேரலையின்போது அத்தீவின் தென்கோடியான இந்திரா முனையில் நிலம் நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. கலங்கரை விளக்கின் அடி கடலுக்குள் போயிற்று. அந்த நிலத்தில் நகரம் கட்டுவதா? சரக்குப் பெட்டிகளை மாற்றும் துறைமுகம் வேண்டுமென்றால், விழிஞ்ஞத்தில் ஒன்று 2025 மே மாதத்தில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டதே!

இவையெல்லாம் எஞ்ஜினீயர்களும் விஞ்ஞானிகளும் வாதாட வேண்டியவை. வக்கீல் என்ற முறையில் நம்மை உறுத்துவது வேறு. அக்காட்டில் வாழும் ஷோம்பென் மக்கள் 2011 ஜனத்தொகைக் கணக்கில் 229 பேர். அவர்கள் நம் பாஷை அறியார். நம் கெஜட்டைப் படியார். ஆட்சேப மனு எழுதார். கரையோரத்து நிக்கோபாரியர்கள் பேரலைக்குப் பின் தங்கள் மூதாதையர் கிராமங்களிலிருந்து முகாம்களுக்கு மாற்றப்பட்டவர்கள். திரும்பிப் போக வேண்டுமென்று கேட்டு வருகிறவர்கள். அவர்களுடைய ஆதிகுடி கவுன்சில் முதலில் கொடுத்த ஆட்சேபமில்லாக் கடிதத்தை, முழு விவரம் தெரிவிக்காமல் வாங்கியதாகச் சொல்லி, 2022 நவம்பரில் வாபஸ் வாங்கிற்று. விவரம் தெரியாமல் கொடுத்த சம்மதம் சம்மதமாகாது என்பது இரண்டு வேலி நிலத்தின் கிரயத்துக்கே சட்டம். ஒரு ஜனசமூகத்தின் தாய்மண்ணுக்கு அது இல்லையா? கைதிகளைக் கொண்டுவந்து குவித்தபோது வெள்ளைக்காரன் அந்தமான் ஆதிகுடிகளைக் கேட்கவில்லை. அவன் கொண்டுவந்த நோய்களில் அவர்களுடைய பெருங்கூட்டம் அழிந்தது. அந்தக் குடிகளுள் பேரந்தமானியர் 2011 கணக்கில் ஐம்பதுக்கும் குறைவு. ஸ்வராஜ் என்ற பெயரை நேதாஜி கொடுத்த தீவுக்கூட்டத்தில் சுதேசி சர்க்கார் அதே பாடத்தை இன்னொரு முறை எழுதலாகாது என்பது நம் கட்சி. சிதம்பரம் பிள்ளை கப்பல் விட்டது தூத்துக்குடி வியாபாரிகளைப் பங்கு கேட்டு, அவர்கள் மனமுவந்து போட்ட பணத்தில் என்பதை வைத்தியருக்கு நினைவூட்டினோம்.

அவர் ஒப்பவில்லை. நெருப்பு அணைந்த பிறகும் கூடாரத்துக்குள்ளிருந்து அவருடைய எதிர்வாதம் கேட்டுக்கொண்டிருந்தது.

போக விரும்பும் இளைஞர்களுக்குச் சில வார்த்தை. மார்கழி முதல் பங்குனி வரை கடல் சாதுவாக இருக்கும். மழைக்காலத்தில் படகு நிற்கலாம், கையில் இரண்டு நாள் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். சிறைக்கு ஒரு முழுப் பகலைக் கொடுங்கள். சுவரிலுள்ள கைதிகளின் பெயர்ப் பட்டியலை மாகாண வாரியாகப் படியுங்கள். ஹம்ப்ரிகஞ்சுக்குப் போங்கள். அனுமதியின்றி எந்தக் கரையிலும் கூடாரம் அடிக்காதீர்கள். கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். பவழத்தின் ஒரு துண்டைக்கூட எடுக்காதீர்கள், சட்டமும் அதைத் தடுக்கிறது. ஜாரவா சாலையைத் தவிருங்கள். முழுக்கைச் சட்டையும் தேங்காயெண்ணெயும் இல்லாமல் மணல் ஈயிடம் அகப்படாதீர்கள். நம் வைத்தியர் இதைக் கேட்கவில்லை. இரண்டு வாரமாகியும் சொறிந்துகொண்டிருக்கிறார். பெரிய நிக்கோபார் பற்றிய தம் மறுப்பை எழுத்தில் தருவதாக அவர் சொல்லியிருக்கிறார். வந்ததும் இதே பக்கத்தில், ஓர் எழுத்தும் குறைக்காமல் வெளியிடுவோம்.